படிகத்துக்குள் தண்ணீர்: மதுரை வட்டாரத் தொழில்களுக்கும் பள்ளிச் செய்முறைக்கும் கேள்வி பதில்

தொட்டால் காய்ந்திருக்கும், தூளாக உதிரும். ஆனால் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் முதல் உரக்கடை ஜிங்க் சல்பேட் வரை பல சரக்கின் நிலை இதுதான். அந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் எடை போட்டால் சாயம் வெளிறும், உரம் கூடும், பொம்மை உதிரும். சாயப்பட்டறை, கொடிக்கால், நகைப்பட்டறை, பொம்மைக்கூடம், பள்ளி ஆய்வகம் ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

உப்பு காய்ந்துதானே இருக்கிறது? அதற்குள் தண்ணீர் எப்படி?

மேலே ஒட்டிய ஈரத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. கரைசலிலிருந்து படிகம் உருவாகும்போதே சில உப்புகள் நீர் மூலக்கூறுகளை எண்ணி எடுத்து, அடுக்குக்குள் இடம் கொடுத்து வைத்துக்கொள்கின்றன. மயில்துத்தத்தில், அதாவது காப்பர் சல்பேட்டில், ஒரு செம்பு அயனிக்கு ஐந்து நீர் மூலக்கூறு. அவற்றில் நான்கு செம்பையே நேரடியாகப் பிடித்திருக்கும். ஐந்தாவது, சல்பேட்டுக்கும் மற்ற நீருக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கும். அதனால்தான் சூடாக்கும்போது ஐந்தும் ஒன்றாகப் போவதில்லை. சுமார் 63 டிகிரி செல்சியஸில் இரண்டு, 109 டிகிரியில் இரண்டு, கடைசி ஒன்று 200 டிகிரியை ஒட்டித்தான் வெளியேறும்.

பள்ளிப் பாடத்தில் இதற்குப் படிகமாக்கல் நீர் என்று பெயர். அந்த நீரோடு இருப்பது நீரேறிய உப்பு, இழந்தது நீரற்ற உப்பு.

சாதாரண ஈரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஈரத்துக்கு அளவு கிடையாது. ஐப்பசியில் கூடும், பங்குனியில் குறையும். படிக நீர் எண்ணி வைத்தது. சுத்தமான மயில்துத்தத்தை எங்கே வாங்கினாலும், எந்த மாதத்தில் வாங்கினாலும் 100 கிராமில் 36 கிராம் நீர். பாட்டில் லேபிளில் வாய்பாட்டின் நடுவே ஒரு புள்ளி வைத்து, அதன் பின்னால் எண்ணும் நீரின் குறியீடும் எழுதியிருப்பார்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் படிக்காமல் எடை போடக் கூடாது.

எந்தச் சரக்கில் எவ்வளவு தண்ணீர்?

எடைக்கு எடை சொன்னால், சலவை சோடாப் படிகத்தில் 63 விழுக்காடு. கிளாபர் உப்பில் (சோடியம் சல்பேட்) 56, பேதி உப்பில் (மெக்னீசியம் சல்பேட்) 51, வெண்காரத்தில் (போராக்ஸ்) 47, படிகாரத்தில் 45.6, அன்னபேதியில் (இரும்பு சல்பேட்) 45, ஜிப்சத்தில் (கால்சியம் சல்பேட்) 21. கீழமாசி வீதிப் பக்கம் இவற்றோடு சேர்த்து விற்கும் கல்லுப்பு, வெடியுப்பு, நவச்சாரம், ஆப்பச் சோடா ஆகிய நான்கிலும் படிக நீர் அறவே இல்லை. அவை கசிந்தால் அது காற்றின் ஈரம் மட்டுமே.

பள்ளிச் செய்முறையில் மயில்துத்தத்தின் நீரை எப்படி அளப்பது? ஐந்துக்குப் பதில் நாலரை, ஐந்தரை என்று வருகிறதே?

பீங்கான் மூசையை முதலில் வெறுமனே ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, எடை எடுங்கள். அதில் பொடித்த மயில்துத்தம் 2.50 கிராம். களிமண் முக்கோணத்தின் மேல் வைத்து, மூடியைச் சற்றுச் சாய்த்து, சிறு தீயில் தொடங்குங்கள். நீலம் விளிம்பிலிருந்து வெளிறிக்கொண்டே உள்ளே போகும். நடுவில் ஒரு நீலப் பொட்டு கடைசி வரை நிற்கும். அந்தப் பொட்டும் போய் முழுவதும் சாம்பல் வெள்ளையானதும் தீயை எடுத்துவிடுங்கள். ஆறவைப்பது திறந்த மேசையில் அல்ல, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய டெசிகேட்டர் கலத்துக்குள். எடை எடுத்து, மறுபடி ஐந்து நிமிடம் சூடாக்கி, மறுபடி எடை. இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும்.

மிஞ்சியது 1.60 கிராம் என்றால், போன நீர் 0.90 கிராம். 1.60-ஐ 159.6-ஆல் வகுத்தால் 0.0100 மோல் உப்பு. 0.90-ஐ 18-ஆல் வகுத்தால் 0.0500 மோல் நீர். விகிதம் ஒன்றுக்கு ஐந்து.

விடை ஐந்துக்குக் குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். நடுவில் நீலம் மிஞ்சியிருக்கும், அல்லது ஆறும்போது காற்றிலிருந்து நீரைத் திரும்பக் குடித்திருக்கும். மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி திறந்து கிடந்தால் சிறிது நேரத்திலேயே மேற்பரப்பில் நீலம் ஏறத் தொடங்கும். ஐந்துக்கு மேல் போனால், பெருந்தீயில் பொடி தெறித்து வெளியே விழுந்திருக்கும், அல்லது அடியில் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு காப்பர் ஆக்சைடு. அங்கே தண்ணீரோடு கந்தக ஆக்சைடும் போய்விட்டது என்று பொருள். அதன் நெடி மூக்கை அரிக்கும், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

மூசை இல்லாமல் சோதனைக் குழாயில் காட்டுபவர்கள் குழாயின் வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். படிகத்தை விட்ட நீர் குளிர்ந்த வாய்ப்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வாய் மேலே இருந்தால் அதே முத்து உருண்டு சூடான அடிக்குப் போய்க் குழாயைப் பிளந்துவிடும்.

வெள்ளையானதில் தண்ணீர் விட்டால் பழையபடி நீலமாகுமா?

ஆகும், சூட்டோடு. மூசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விடாதீர்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் விழுந்த இடமெல்லாம் நீலப் புள்ளி தெரியும். ஸ்பிரிட்டிலோ அசிட்டோனிலோ தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்த வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை போதும்.

சித்திரையில் சாயப்பட்டறையில் கிளாபர் உப்பு மூட்டை கசிகிறது. கலப்படமா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர் வெயில்தான் காரணம். பத்து நீர் கொண்ட சோடியம் சல்பேட் 32.4 டிகிரியில் தன் நீரிலேயே உருகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தகரக் கூரை போட்ட குடோனுக்குள் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடும். உருகும்போது முழுவதும் சீராகத் திரவமாவதில்லை. ஒரு பங்கு கரைசலாகும், மிச்சம் நீரற்ற தூளாக அடியில் படியும். இரவில் குளிர்ந்தாலும் படிந்த தூள் முழுவதும் பழைய படிகமாகத் திரும்பாது. ஆகவே ஒரே மூட்டையின் மேல்பக்கம் ஒரு சரக்கு, அடிப்பக்கம் வேறொரு சரக்கு. மேலே அள்ளிய வாளிக்கும் அடியில் அள்ளிய வாளிக்கும் நிறம் ஒத்துப்போகாது. சுங்குடிச் சேலையில் உடல் ஒரு சாயலும் முந்தி ஒரு சாயலும் விழுந்தால் சாயத்தைக் குறை சொல்லும் முன் உப்பைப் பாருங்கள்.

ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற உப்பு என்று குறிப்பு இருந்தால், அதற்கு ஈடான பத்து நீர்ப் படிகம் 113 கிராம். அதே 50 கிராமைப் படிகமாகப் போட்டால் உள்ளே போவது 22 கிராம் உப்புதான். சாயம் நூலில் ஏறாமல் தொட்டியிலேயே நின்றுவிடும். சோடாவுக்கும் இதே கணக்கு உண்டு. நீரற்ற சோடாவான சோடா ஆஷ் 20 கிராம் என்றால் சலவை சோடாப் படிகம் 54 கிராம்.

கையிருப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு சட்டிச் சோதனை போதும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து 10 கிராம் எடுங்கள். எவர்சில்வர் தட்டில் சிறு தீயில் கிளறிக்கொண்டே காய வையுங்கள். எடை குறைவது நின்றதும் நிறுத்துங்கள். 4.4 கிராம் நின்றால் முழுப் படிகம். 10 கிராமும் அப்படியே நின்றால் நீரற்றது. 6.2 நின்றால், 50-ஐ 0.62-ஆல் வகுத்து லிட்டருக்கு 81 கிராம் போட வேண்டும். பத்து நிமிட வேலை, ஒரு பாவுச் சேலையைக் காப்பாற்றும். எங்கள் யோசனை, மதுரை வெயிலுக்கு நீரற்றதையே வாங்குங்கள் என்பதுதான். அதையும் மழைக்காலத்தில் பாலித்தீன் உறைக்குள் கட்டி வையுங்கள். ஈரம் பட்டால் அது படிக நீரை ஏற்றிக்கொண்டு கல்லாக இறுகும்.

மேலூர்ப் பக்கம் நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ என்கிறார்கள். கடையில் 21 சதம், 33 சதம் என்று இரண்டு பை இருக்கிறதே?

இரண்டும் ஒரே உப்புதான், தண்ணீர்தான் வேறு. பையில் போட்ட சதம் ஜிங்க், அதாவது துத்தநாகத்தின் பங்கு. 21 சதம் என்பது ஏழு நீர் கொண்ட ஹெப்டாஹைட்ரேட். 33 சதம் என்பது ஒரு நீர் மட்டும் கொண்ட மோனோஹைட்ரேட். ஏக்கருக்கு 10 கிலோ என்ற பரிந்துரை ஏழு நீர் உப்புக்கானது. அதில் துத்தநாகம் 2.1 கிலோ. 33 சதப் பையில் அதே அளவு துத்தநாகத்துக்கு 6.4 கிலோ போதும். விலை ஒப்பிடும்போதும் பை விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோ துத்தநாகத்துக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள்.

தெளிப்புக்கு 100 லிட்டருக்கு 500 கிராம் என்றால், மோனோவில் 320 கிராம். அளவு கூடினால் இலை நுனி கருகும். எதுவானாலும் பாஸ்பேட் உரமான டி.ஏ.பி.யோடு கலந்து வீசாதீர்கள். பாஸ்பேட் துத்தநாகத்தைக் கரையாத உப்பாகக் கட்டிவிடும். காய்ந்த மணலோடு கலந்து தனியாக வீசுங்கள்.

கொடிக்காலுக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை போடுகிறோம். மயில்துத்தம் மேலே வெள்ளை பூத்திருந்தால் பயன்படுத்தலாமா?

தாராளமாக. மேல் தோல் நீரை இழந்திருக்கிறது, செம்பு எங்கும் போகவில்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் செம்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். லேசான வெளிறலுக்கு அளவை மாற்றத் தேவையில்லை. ஆனால் அன்னபேதியில் பச்சை போய்ப் பழுப்பு ஏறியிருந்தால் அது வேறு கதை. நீர் போனதோடு இரும்பும் காற்றில் மாறிவிட்டது, இலைத் தெளிப்புக்கு அது உதவாது.

சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கு வாடல் நோய்க்கு மண்ணில் ஊற்றும் கால் சதக் கலவைக்கு, 100 லிட்டருக்கு 250 கிராம் மயில்துத்தம், 250 கிராம் சுட்ட சுண்ணாம்பு. கட்டி மயில்துத்தத்தை வாளியடியில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். துணியில் முடிந்து, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் இரவே தொங்கவிடுங்கள். கரைந்த நீலம் கனமானது, கயிறு கயிறாகக் கீழே இறங்கும். நல்ல தண்ணீர் தானாக மேலேறி முடிச்சைச் சுற்றும். விடியும்போது துணி காலியாக இருக்கும். இரும்பு வாளி கூடாது, செம்பெல்லாம் இரும்பில் படிந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டி எடுங்கள்.

மற்ற 50 லிட்டரில் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, அதில் நீலக் கரைசலைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். தேய்த்த கத்தி முனையை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா என்று தெரியும். படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் வேண்டும். கலந்த அன்றே ஊற்றிவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்புதான் கிடைத்தது என்றால் 250-க்குப் பதில் 330 கிராம். சுண்ணாம்பு குடித்த தண்ணீர் படிக நீர் அல்ல. அது உடைந்து ஹைட்ராக்சைடாகவே மாறிவிட்டது. எடை கூடுவது மட்டும் இரண்டுக்கும் பொது.

கொலு பொம்மைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுகிறோம். சில பை உடனே இறுகுகிறது, சில பை இறுகுவதே இல்லை. ஏன்?

ஜிப்சத்தில் ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு நீர். அதை 120 முதல் 180 டிகிரிக்குள் வறுத்தால் ஒன்றரை நீர் போய் அரை நீர் நிற்கும். அந்தத் தூள்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சுருக்கமாக பி.ஓ.பி. நீங்கள் தண்ணீர் விடும்போது அது இழந்த ஒன்றரையைத் திரும்ப எடுத்து, ஊசி ஊசியாகப் படிகம் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பொம்மையின் பலம் அந்தப் பின்னல்தான். அச்சு சூடாவதும் அதனால்தான்.

விளாச்சேரி போன்ற ஊர்களில் புரட்டாசி வேலைக்கு ஆடியிலேயே பை வாங்கி அடுக்கிவிடுவது வழக்கம். வாய் பிரிந்த பை காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடித்திருந்தால், உள்ளே அங்கங்கே ஜிப்சம் விதை விழுந்திருக்கும். அந்த விதையைச் சுற்றி மற்றது அவசரமாகப் படிகம் விடும். ஊற்றும் முன்பே வாளியில் இறுகும், பின்னலும் சரியாக அமையாது. நிறையவே குடித்திருந்தால் தூளே ஜிப்சமாகிவிட்டது, இனி இறுகாது. பழைய கலவை ஒட்டிய வாளியும் கரண்டியும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு கலவைக்கும் சுரண்டிக் கழுவுங்கள்.

அளவு: தூள் 100 பங்குக்குத் தண்ணீர் 60 முதல் 70 பங்கு எடைக்கு. முதலில் தண்ணீர். அதன் மேல் தூளைக் கோலப்பொடி தூவுவது போலச் சிந்துங்கள். தீவு மாதிரி மேலே நின்று, நனைந்து, தானாக அமிழட்டும். ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, கையை அடியில் வைத்து மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் பொம்மையின் மூக்கிலும் விரலிலும்தான் போய் உட்காரும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை உப்பு, தாமதமாக இறுக வேண்டுமென்றால் வெண்காரம் அல்லது எலுமிச்சைச் சாறு கொஞ்சம்.

100 கிலோ தூள் படிகத்துக்கென எடுத்துக்கொள்வது 18.6 கிலோ தண்ணீர்தான். 70 கிலோ ஊற்றினால் மீதி 51 கிலோவுக்கு மேல் பொம்மைக்குள் துளைகளில் நிற்கும். அது வெளியேறாமல் பெயிண்ட் அடித்தால் தோல் உரியும். இரண்டு நாள் எடை போட்டுப் பாருங்கள். எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது. அவசரத்துக்கு அடுப்பருகே 50 டிகிரிக்கு மேல் காய்ச்சாதீர்கள். துளை நீரோடு படிக நீரும் கிளம்பி, மேல்தோல் விரலில் மாவாக ஒட்டும்.

உடைந்த பொம்மையை அரைத்து, வறுத்து மறுபடி ஊற்றலாமா?

வேதியியல் இடம் கொடுக்கிறது, வாணலி இடம் கொடுப்பதில்லை. அடியில் இருப்பது அளவுக்கு மேல் வெந்து, சரியாக இறுகாதபடி செத்துப்போகும், மேலே இருப்பது வறுபடாமல் விதையாக நிற்கும். அலங்காரத்துக்கு ஆகலாம், நிற்கும் பொம்மைக்கு ஆகாது.

அந்தத் தூளை நிலக்கடலைக்கு ஜிப்சமாகப் போடலாமா?

பெயிண்ட் படாத, இறுகி முடிந்த உடைசல் என்றால் பொருள் அளவில் அது ஜிப்சம்தான். ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது போடலாம். இறுகாத புதுத் தூளைப் போடாதீர்கள், ஈர மண்ணில் கட்டி கட்டியாக நிற்கும்.

நகைப்பட்டறையில் வெண்காரம் பொங்கி, பற்றவைக்க வைத்த உலோகப் பொடியை நகர்த்திவிடுகிறது. என்ன செய்வது?

பொடி வைத்து ஊதும்போது வெண்காரம் முதலில் தன் நீரில் உருகி, அந்த நீர் ஆவியாகக் கிளம்ப, பொரி மாதிரி வெள்ளையாகப் பொங்கும். அதன் பிறகு 740 டிகிரியை ஒட்டித்தான் கண்ணாடி போலத் தெளிந்து ஓடும். வைத்த பொடி இடம் மாறுவது இடையில் வரும் அந்தப் பொங்கலில்தான். தெற்காவணி மூல வீதி மாதிரி நுண்வேலை நடக்கும் இடங்களில் இரண்டு வழிதான். வெண்காரத்தை முன்கூட்டியே மூசையில் கண்ணாடியாகும் வரை உருக்கி, ஆறியதும் அரைத்து, இறுக மூடி வைத்துக்கொள்வது ஒன்று. கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து மெல்லிய பூச்சாகத் தடவி, ஊதுகுழலைத் தள்ளிப் பிடித்து, பொங்கி அடங்கிய பிறகு நெருங்குவது மற்றொன்று. திறந்த டப்பாவில் வைத்த உருக்கிய வெண்காரம் மெல்ல நீரை ஏற்றிக்கொள்ளும், சில வாரத்தில் மறுபடி பொங்கத் தொடங்கும்.

திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட கல்லுப்பு வெடிக்கிறதே, அது படிக நீரா?

இல்லை. கல்லுப்புக்குச் சாதாரணச் சூட்டில் படிக நீர் கிடையாது. உப்பளத்தில் கல் வளரும்போது நடுநடுவே சின்னச் சின்னப் பொந்துகளில் உப்புநீர் சிறைப்பட்டிருக்கும். நெருப்பில் அது ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. பொடி உப்பு அப்படி வெடிக்காததற்குக் காரணம், அரைக்கும்போதே பொந்துகள் உடைந்துவிட்டன.

சுவரில் உப்பு பூத்து, பூச்சு தோல் தோலாக உதிர்கிறது. கழுவினால் போகுமா?

கழுவாதீர்கள், அதுதான் நிலைமையை மோசமாக்கும். அடிமண்ணிலிருந்தும் உப்புத் தண்ணீர் போர்வெல்லிலிருந்தும் சுவருக்குள் ஏறிய சோடியம் சல்பேட் இதில் பெரிய குற்றவாளி. வெயிலில் நீரற்று இருக்கும், ஈர இரவில் பத்து நீரை ஏற்றிக்கொள்ளும். அப்போது இடம் நான்கு மடங்குக்கும் மேல் தேவைப்படும். செங்கல்லின் நுண்துளைக்குள் இது திரும்பத் திரும்ப நடந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. நீங்கள் விடும் தண்ணீர் உப்பைக் கரைத்து உள்ளேயே அனுப்பிவிடும்.

பங்குனி, சித்திரையில் நன்றாகக் காய்ந்திருக்கும்போது தேங்காய் நார் தூரிகையால் உலர்வாகத் தேய்த்து, தாளில் பிடித்து, வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். உதிர்ந்த சிமென்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். அது சுவரை மூச்சு விட வைக்கும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மறைத்தால் உப்பு அதன் பின்னால் பூத்துத் தகடு தகடாகத் தள்ளும். ஈரம் ஏறும் வழியை அடைக்காமல் இதில் எதுவும் நிரந்தரமில்லை.

மானாமதுரைப் பானையிலும் படிக நீர் உண்டா?

களிமண்ணில் இருப்பது வேறு வகை. பிசையச் சேர்த்த தண்ணீர் நிழலிலும், சூளையின் தொடக்கப் புகைச்சூட்டிலும் போய்விடும். அதை அவசரப்படுத்தினால் பானை சூளைக்குள்ளேயே வெடிக்கும். அதன் பிறகும் களிமண்ணின் அணுக்கட்டோடு ஹைட்ராக்சிலாகப் பிணைந்த பங்கு நிற்கும். கயோலின் எனும் தூய வெள்ளைக் களிமண்ணில் அது எடையில் 14 விழுக்காடு. 450 முதல் 600 டிகிரிக்குள் அது நீராக வெளியேறும். பி.ஓ.பி. போல அதைத் தண்ணீர் விட்டுத் திரும்பக் கொடுக்க முடியாது. அதனால்தான் சுட்ட பானை மழையில் நனைந்தும் மண்ணாவதில்லை.

பொரித்த படிகாரமும் சாதாப் படிகாரமும் ஒன்றா?

பொருள் ஒன்று, எடை வேறு. 1 கிலோ படிகாரம் 92 டிகிரியில் தன் நீரில் உருகி, பொங்கி, முழுவதும் நீர் போனால் 544 கிராம் நிற்கும். இயற்கைச் சாயத்துக்குக் கடுக்காய் ஏற்றிய துணியில் படிகாரம் கொடுப்பவர்கள் பொரித்ததைப் பயன்படுத்தினால் சாதா அளவில் பாதிக்குச் சற்று மேல் போட்டால் போதும். சூடு மிஞ்சிப் பொரித்தது தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். முந்தின நாளே ஊறப் போடுங்கள்.

இவற்றையெல்லாம் எப்படிச் சேமிப்பது?

நீரை இழப்பவை சலவை சோடா, கிளாபர் உப்பு, அன்னபேதி. இவற்றை வெயில் படாத, தகரக் கூரைக்கு நேர் கீழே இல்லாத இடத்தில், இறுக்கமான மூடியோடு வையுங்கள். நீரைக் குடிப்பவை பி.ஓ.பி., உருக்கிய வெண்காரம், நீரற்ற எதுவும். இவற்றை தரையில் வைக்காமல் பலகை மேல், பாலித்தீன் உறைக்குள் வையுங்கள். டப்பாவின் மேல் பெயரோடு எத்தனை நீர் என்பதையும் பேனாவால் எழுதுங்கள். மயில்துத்தத்தை மட்டும் பூட்டி வையுங்கள். பார்க்க அழகாக இருக்கும், குழந்தைகள் வாயில் வைத்தால் நஞ்சு.